அம்மாவின் சைக்கிளுக்கு ஒரு பை

அம்மாவால் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. தில்லிக்கு வந்த முதல் வாரத்திலேயே எனக்கு அது தெரிந்துவிட்டது. காலையில் நான் அலுவலகத்துக்குக் கிளம்பும்போது கூடத்துக்கும் பால்கனிக்கும் இடையில் நடந்துகொண்டிருப்பாள். சாயங்காலம் திரும்பும்போது அடுப்படிக்கும் வாசற்கதவுக்கும் இடையில் நடந்துகொண்டிருப்பாள். பகலெல்லாம் என்ன செய்தாய் என்று கேட்டால், "என்னத்தச் செய்யிறது, நடந்துக்கிட்டிருந்தேன்" என்பாள். சோற்றைக்கூடத் தட்டைக் கையில் ஏந்தி நின்றபடிதான் சாப்பிட்டாள்.

அப்பா இறந்து ஒரு வருடம் ஆகவில்லை. புதுக்கோட்டைப் பக்கத்து வீட்டைப் பூட்டிவிட்டு அவளை நான்தான் அழைத்து வந்தேன். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. மத்திய அரசில் வேலை, கிட்வாய் நகரில் அரசுக் குடியிருப்பின் ஒன்பதாம் மாடியில் வீடு. லிஃப்ட் உண்டு, தண்ணீர் உண்டு, கீழே பூச்செடிகளும் நடைபாதையும் உண்டு. அம்மா நிம்மதியாக இருக்க இதைவிட என்ன வேண்டும் என்று நினைத்திருந்தேன். ஆனால் ஒருவர் நடந்துகொண்டே இருக்கும் வீட்டில் இன்னொருவரால் புத்தகத்தில் ஒரு பக்கம் படிக்க முடியாது. அவள் செருப்பு தரையில் உரசும் சத்தம் அலுவலகத்திலும் என் காதில் கேட்டது. கோப்பைத் திறப்பேன், மூடுவேன், தண்ணீர் குடிக்க எழுந்து போவேன். அலுவலகத்தில் என் அறையில் வேலை பார்க்கும் தோழி, "உனக்கு என்ன ஆச்சு, காலில் சக்கரமா?" என்றாள்.

ஒருநாள் சாயங்காலம் கேட்டில் நுழைந்தபோது காவலாளி தன் நாற்காலியை விட்டு எழுந்து கவலையோடு நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "மேடம், மாதாஜி என் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நிறுத்தினால் நிற்கமாட்டேன் என்கிறார்" என்று இந்தியில் முறையிட்டார். அவர் சொல்லி முடிப்பதற்குள் கட்டடத்தின் மூலையில் திரும்பி அம்மா வந்தாள். சேலை முந்தானையை இடுப்பில் செருகியிருந்தாள். ஆண்கள் ஓட்டும் உயரமான சைக்கிள். பாரின் மேல் காலைத் தூக்கிப் போட முடியாததால், ஒரு காலைப் பாருக்கு அடியில் விட்டுக் குரங்குப் பெடல் போட்டுக்கொண்டிருந்தாள். அறுபத்துநான்கு வயதில்.

"அம்மா! இறங்கு!"

"இன்னும் ஒரு சுத்து" என்று சொல்லிவிட்டு என்னைத் தாண்டிப் போய்விட்டாள்.

அவள் அங்கன்வாடியில் வேலை பார்த்தவள். எங்கள் பக்கத்துப் பெண்கள் கூட்டம் கூட்டமாகச் சைக்கிள் கற்றுக்கொண்ட வருடங்களில் அவளும் கற்றுக்கொண்டு, ஓய்வு பெறும்வரை சைக்கிளில்தான் வேலைக்குப் போனாள். அதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் தில்லியில், ரிங் ரோட்டுக்குப் பக்கத்தில், அவளைச் சைக்கிளோடு சேர்த்து நான் நினைத்துப் பார்த்ததே இல்லை. அன்றிரவு குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில், முதியவர்களைக் குடும்பத்தினர் கவனித்துக்கொள்ளவேண்டும் என்று யாரோ பொதுவாக எழுதியிருந்தார்கள். எல்லோரும் கட்டைவிரலை உயர்த்தியிருந்தார்கள்.

"எனக்கு ஒரு சைக்கிள் வாங்கிக் குடுத்துரு ஆத்தா" என்றாள் அம்மா. "அந்த வாச்சுமேன் தம்பி பாவம்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மெட்ரோ பிடித்து ஜண்டேவாலான் போனோம். தில்லியில் சைக்கிள் என்றால் அங்கேதான். தெருவின் இரண்டு பக்கமும் கடைகள், கடைக்கு வெளியே தலைகீழாகத் தொங்கும் சக்கரங்கள். சைக்கிள் தேர்ந்தெடுக்க நேரமே ஆகவில்லை. பார் இல்லாத பெண்கள் சைக்கிள், கறுப்பு நிறம், செயினை மூடிய கவர். அம்மா ஏறி உட்கார்ந்து மணியை அடித்துப் பார்த்தாள், போதும் என்றாள். சண்டை வந்தது பையில்தான்.

சாமான் வைக்க என்ன இருக்கிறது என்று நான்தான் கேட்டேன். கடைக்காரர் இரண்டை எடுத்து மேஜைமேல் வைத்தார். ஒன்று சேடில் பேக். சீட்டுக்கு அடியில் வாரால் கட்டித் தொங்கவிடும் சின்னப் பை. இன்னொன்று பேனியர். பின்சக்கரத்தின் இரண்டு பக்கமும் கேரியரில் மாட்டும் பெரிய பைகள், ஜோடியாக.

"பனீரா?" என்றாள் அம்மா. "இந்த ஊர்ல எதைக் கேட்டாலும் பனீரத்தான் குடுப்பாகளா?"

கடைக்காரர் பொறுமையாக விளக்கினார், நான் மொழிபெயர்த்தேன். சீட்டுப் பை உடம்போடு ஒட்டி இருக்கும். வண்டியின் அகலம் அதிகமாகாது, நெரிசலில் புகுந்து போகலாம், தனியாகக் கேரியர் வேண்டாம். ஆனால் கனமாக எதையும் வைத்தால் ஆடும், தொடையின் பின்பக்கத்தில் இடிக்கும். பக்கப் பை தாராளமாகக் கொள்ளும். கனம் கீழே இருப்பதால் வண்டி தடுமாறாது. ஆனால் அதற்கு நல்ல கேரியர் போடவேண்டும். வண்டி அகலமாகிவிடும், இரண்டு பக்கமும் கனம் சமமாக இருக்கவேண்டும், மிதிக்கும்போது குதிகால் பையில் இடிக்கவும் செய்யும்.

அம்மா சீட்டுப் பையின் ஜிப்பைத் திறந்து உள்ளே கையை விட்டுப் பார்த்தாள். கை மணிக்கட்டோடு நின்றுவிட்டது.

"இதுல என்னத்த வைக்கிறது? வெத்தலப் பொட்டியாட்டம் இருக்கு."

"போன் வைக்கலாம், சாவி வைக்கலாம், தண்ணி பாட்டில் சின்னதா ஒண்ணு வைக்கலாம். உனக்கு வேற என்னம்மா வேணும்? காலையில ஒரு ரவுண்டு போயிட்டு வரப்போற."

"ரவுண்டு போறதுக்கு எதுக்குச் சைக்கிள்? ரங்கராட்டினம் போதுமே."

"அம்மா, பெரிய பை அகலம். இந்த ஊர் ஆட்டோக்காரன் இடிச்சிட்டுப் போயிடுவான்."

அவள் பக்கப் பையை ஒரு தடவை தூக்கிப் பார்த்தாள். கீழே வைத்தாள். என் முகத்தைப் பார்த்தாள். பிறகு கடைக்கு வெளியே போய் நின்றுகொண்டாள். நான் சீட்டுப் பையை வாங்கினேன்.

சைக்கிளை ஒரு குட்டி டெம்போவில் ஏற்றி, டிரைவர் பக்கத்தில் நாங்கள் இருவரும் நெருக்கி உட்கார்ந்து வீட்டுக்கு வந்தோம். டிரைவர் எதற்கோ பயந்து புசா ரோடு வழியாகச் சுற்றினான். அங்கே தமிழ்ப் பள்ளிக்கூடத்தின் பெயர்ப்பலகையைப் பார்த்ததும் அம்மா தலையை வெளியே நீட்டி எழுத்துக் கூட்டுவதுபோல உரக்கப் படித்தாள். அதுதான் அன்று அவள் பேசிய கடைசிப் பேச்சு.

பிறகு வந்த வாரங்களில் நான் ஒரு புதிய வழக்கத்துக்கு ஆளானேன். அம்மாவின் கைப்பேசி எங்கே இருக்கிறது என்று என் கைப்பேசியில் காட்டும்படி செய்து வைத்திருந்தேன். வரைபடத்தில் ஒரு நீலப் புள்ளி. அலுவலகத்தில் கோப்பைப் படிக்கும் நேரத்தைவிட அந்தப் புள்ளியைப் பார்க்கும் நேரம் அதிகமாயிற்று. புள்ளி எங்கள் குடியிருப்பைச் சுற்றும். ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குப் போகும், திரும்பி வரும். மார்க்கெட் எங்கள் வீட்டிலிருந்து நடந்தே போகும் தூரம்தான். ஆனாலும் இடையில் பெரிய சாலை. புள்ளி சாலை ஓரத்தில் நிற்கும்போது என் மூச்சும் நிற்கும். அது நகர்ந்த பிறகுதான் நான் அடுத்த வரியைப் படிப்பேன்.

மார்க்கெட்டில் நம் ஊர்ச் சாமான் எல்லாம் கிடைக்கும் என்று கண்டுகொண்டதும் அம்மாவுக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. முருங்கைக்கீரை, வாழைப்பூ, புழுங்கலரிசி. எதிர்வீட்டில் ஒரு திருநெல்வேலிக் குடும்பம். அந்த வீட்டு அம்மா லிஃப்ட் வாசலில் பிடித்துக்கொள்வாள். "பெரியம்மா, மார்க்கெட்டுக்கா போறிய? எனக்கு ரெண்டு வாழக்கா வாங்கிட்டு வாரியளா? எங்க வீட்ல அவிய ஜல்தி ஜல்தின்னு வெரசா ஆபீஸ் போயிருதாவ, நான் எங்கன போயி வாங்க?"

வாழைக்காய் சீட்டுப் பையில் நுழையாது. அம்மா துணிப்பைகளில் வாங்கி ஹேண்டில்பாரின் இரண்டு பக்கமும் மாட்டிக்கொண்டு வந்தாள். ஒருநாள் பை ஆடி முன்சக்கரத்துக்குள் போய், கம்பிகளில் சிக்கி, வண்டி நின்றது. நல்லவேளை, எங்கள் கேட்டுக்கு உள்ளேதான். அவள் விழவில்லை. வாழைக்காய்தான் நசுங்கியது. காவலாளி சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது.

"இனிமே ஹேண்டில்ல எதுவும் மாட்டக்கூடாது" என்றேன்.

"அப்ப எதுல மாட்டுறது?"

"எதுவும் வாங்க வேணாம். நான் ஞாயித்துக்கிழமை வாங்கிட்டு வரேன்."

அவள் மறுபடியும் கூடத்துக்கும் பால்கனிக்கும் நடக்கத் தொடங்கினாள்.

சித்திரை பிறந்து வெயில் ஏறிக்கொண்டிருந்த ஒரு வியாழக்கிழமை. ஒரு கூட்டத்தில் உட்கார்ந்திருந்தேன். மேஜைக்கு அடியில் கைப்பேசியைப் பார்த்தேன். புள்ளி மார்க்கெட்டில் இல்லை. வீட்டிலும் இல்லை. வரைபடத்தைத் தள்ளித் தள்ளித் தேடினேன். வடக்கே, வெகு தூரத்தில், தால்கட்டோரா பக்கம் நகர்ந்துகொண்டிருந்தது. முதலில் வரைபடம்தான் தவறு என்று நினைத்தேன். பிறகு யாரோ கைப்பேசியைத் திருடிக்கொண்டு போகிறார்கள் என்று நினைத்தேன். ஆனால் புள்ளி மெதுவாக நகர்ந்தது, நின்று நின்று நகர்ந்தது. திருடன் அவ்வளவு நிதானமாகப் போகமாட்டான்.

வெளியே வந்து கூப்பிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அவள் போனைச் சீட்டுப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்து மூடியிருப்பாள், வண்டிச் சத்தத்தில் கேட்காது என்று புரிந்தது. அந்தப் பைக்குள்தான் வைக்கவேண்டும் என்று சொல்லிக் கொடுத்ததே நான்தான்.

புள்ளி சங்கர் ரோட்டில் ஏறியது. பாதி நாள் விடுப்பு சொல்லிவிட்டு மெட்ரோவுக்கு ஓடினேன். ரயில் சுரங்கத்துக்குள் போகும்போதெல்லாம் வரைபடம் வெறும் சாம்பல் கட்டங்களாக நின்றது. எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் என்னைப் பார்த்துக்கொண்டே வந்தார்கள். நான் உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் கதவுக்கு அருகே கம்பியை மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டிருந்தேன். வெளியே வந்தபோது புள்ளி புசா ரோட்டைத் தாண்டி ஜண்டேவாலானில் நின்றது. அசையவே இல்லை.

அதே கடை. அம்மா வாசலில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தாள். முகம் வெயிலில் கறுத்து எண்ணெய் வடிந்தது. கடைப்பையன்கள் இரண்டு பேர் அவள் சைக்கிளைப் படுக்கப்போட்டுப் பின்சக்கரத்தின்மேல் கேரியர் முடுக்கிக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் முப்பத்தைந்து வயதிருக்கும் ஒரு பெண் நின்றாள். ஜீன்ஸும் குர்த்தாவும்.

"நீங்க ஆண்ட்டியோட பொண்ணா?" என்றாள் அந்தப் பெண். "கோச்சுக்காதீங்க, ப்ளீஸ். நான் புசா ரோடு தமிழ் ஸ்கூல்ல பையனுக்கு ஃபீஸ் கட்ட வந்தேன், கேட்ல ஆண்ட்டி நின்னுக்கிட்டு, யாராச்சும் இந்தி பேசத் தெரிஞ்ச தமிழாளு இருக்கீங்களான்னு கேட்டாங்க. நான் கூட வந்து கடையில டிரான்ஸ்லேட் பண்ணேன், அவ்ளோதான். என் தமிழே கொஞ்சம் கச்சா, அரைகுறைதான்."

நான் அவளுக்கு நன்றி சொன்னேனா என்றுகூட நினைவில்லை. அம்மாவைப் பார்த்துக் கத்தினேன்.

"உனக்கு என்ன பைத்தியமா? வழி தெரியாது, பாஷை தெரியாது, இந்த வெயில்ல… ஏதாவது ஆயிருந்தா?"

"வழி தெரிஞ்சுதான் வந்தேன். புசா ரோடு, புசா ரோடுன்னு கேட்டேன், கையக் காட்டுனாக. அச்சா பையான்னு சொல்லிட்டு வந்தேன்." அவள் டீத் தம்ளரைக் கீழே வைத்தாள். "நீ எனக்குச் சின்னப் பை எதுக்கு வாங்கிக் குடுத்தேன்னு எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?"

"எதுக்கு?"

"ஒண்ணும் வைக்க எடமில்லேன்னா எங்கயும் போவமாட்டா, வாசல்லயே சுத்திட்டு வந்துருவான்னுதான?"

அது உண்மைதான். ஆனால் அவள் சொல்லும்வரை நான் அதை அப்படி வார்த்தையாக நினைத்ததில்லை. அகலம், ஆட்டோ, நெரிசல் என்றுதான் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன்.

"சும்மா சுத்துறதுக்கு எனக்கு இஷ்டமில்ல. எதையாச்சும் ஏத்திக்கிட்டுப் போவணும், எதையாச்சும் ஏத்திக்கிட்டு வரணும். இல்லாட்டி வீட்டுக்குள்ள நடக்குறதும் ரோட்டுல மிதிக்கிறதும் ஒண்ணுதான்."

பைகள் மாட்டியாயிற்று. கறுப்பு நிறம், மழைக்குத் தாங்கும் துணி, மேலே மடித்துப் பூட்டும் வார். டெம்போ பிடிக்கலாம் என்றேன். "வந்த வழியில போவத் தெரியாதா" என்று ஏறிவிட்டாள். நான் ஓர் ஆட்டோவைப் பிடித்து, முன்னால் போகும் அந்தச் சைக்கிளுக்குப் பின்னாலேயே போகச் சொன்னேன். ஆட்டோக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பின்னால் வந்தவர்கள் எல்லாம் ஹாரன் அடித்தார்கள். சிக்னலில் அம்மா ஒரு காலை ஊன்றி நிற்பாள், பச்சை விழுவதற்கு முன்பே கழுத்தை நீட்டுவாள். அவளைப் பேருந்துகள் உரசிக்கொண்டு போனபோதெல்லாம் நான் இருக்கையின் கம்பியை இறுகப் பிடித்தேன். "மேடம், அவர் நன்றாகத்தான் ஓட்டுகிறார். நீங்கள்தான் என் ஆட்டோவை உடைத்துவிடுவீர்கள்" என்றார் ஆட்டோக்காரர். வீடு வந்து சேர்ந்தபோது அம்மாவைவிட எனக்குத்தான் அதிகம் வியர்த்திருந்தது.

ஆனால் அம்மாவின் பக்கப் பையிலும் குறை இருந்தது. மறுநாளே குதிகால் பையில் இடித்து இரண்டு தடவை பெடல் நழுவியது. கடைக்காரர் எச்சரித்ததுதான். அந்தச் சைக்கிளில் பெடலுக்கும் பின்சக்கரத்துக்கும் இடைவெளி குறைவு. அம்மா பிடிவாதமாகக் குதிகாலை வெளிப்பக்கம் திருப்பி வைத்து மிதித்தாள், முழங்கால் வலிக்கிறது என்று ராத்திரி தைலம் தேய்த்துக்கொண்டாள். சீட்டுப் பையையே மாட்டித் தரட்டுமா என்று கேட்க நாக்கு வரை வந்தது. கேட்கவில்லை. கைப்பேசியில் வீடியோ பார்த்து, பையின் கொக்கிகளைத் தளர்த்திக் கேரியரின் கோடி வரைக்கும் பின்னால் தள்ளி முடுக்கினேன். இடிப்பது நின்றது. "பரவால்லையே, படிச்சதுக்குப் புண்ணியம்" என்றாள். ஒரு பக்கம் தேங்காய், மறுபக்கம் அரிசி என்று நிறுத்துப் பார்த்து அடுக்கினாள். அக்கம்பக்கத்து வீடுகளுக்கும் வாங்கிவந்து மாடி மாடியாக இறக்கினாள். வாட்ஸ்அப் குழுவில், உங்கள் அம்மா வாழையிலை கொண்டுவருவாரா என்று கேள்விகள் வந்தன.

ஊரிலிருந்து வந்திருந்த ஒரு பெண்மணியை அவள் சந்தித்ததும் மார்க்கெட்டில்தான். ஒரு மளிகைக் கடையில் புழுங்கலரிசி என்று எப்படிக் கேட்பது எனத் தெரியாமல் ஒருத்தி அழாக்குறையாக நின்றாளாம். அறந்தாங்கிப் பக்கம். கணவருக்கு இதயத்தில் வால்வு மாற்றவேண்டும். பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்து, அதற்குப் பின்னால் ஒரு சந்தில் ஒற்றை அறை எடுத்துத் தங்கியிருந்தார்கள். அறையில் அடுப்பு வைக்க வீட்டுக்காரர் விடவில்லை. வெளியில் கிடைக்கும் ரொட்டியும் பருப்பும் அந்த மனிதருக்கு இறங்கவில்லை. ஆபரேஷன் தேதி தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது.

மறுநாள் முதல் அம்மாவின் பக்கப் பையில் ரசம் போயிற்று. இடதுபுறம் ரசமும் மோரும், வலதுபுறம் குழைந்த சாதமும் ஒரு கறியும். முதல் நாள் தூக்குவாளி மூடி திறந்து பை முழுக்க ரசம். பிறகு பழைய துண்டுகளைச் சுற்றி இறுக்கி வைத்தாள். வீட்டுக்குள் பெருங்காய வாசனையும் பைக்குள் பெருங்காய வாசனையுமாக இருந்தது.

மே மாதம் அனல்காற்று வீசத் தொடங்கியது. உச்சிப்பொழுதில் சாலையில் காக்கைகூடப் பறக்காது. அவள் தலையில் ஈரத்துண்டைப் போட்டுக்கொண்டு கிளம்புவாள்.

"ஆட்டோல அனுப்பலாம்மா. இல்லேன்னா நான் காலையில போகும்போது குடுத்துட்டுப் போறேன். நீ கொஞ்சம் உக்காரேன்" என்றேன் ஒரு ஞாயிற்றுக்கிழமை.

அவள் துண்டை நனைத்துக்கொண்டிருந்தாள். குழாயை மூடினாள்.

"தஞ்சாவூர் ஆஸ்பத்திரில இப்படித்தான் எல்லாரும் சொன்னாக. நர்சம்மா சொன்னாக, வாச்சுமேன் சொன்னாரு, நீயும் போன்ல சொன்ன. உக்காருங்க, உக்காருங்க, நாங்க பாத்துக்கிறோம்னு. நானும் உக்காந்தேன். கதவுக்கு இந்தப் பக்கம் ஒரு நாக்காலி. சோறாக்க வேணாம், தண்ணி புடிக்க வேணாம், ஒண்ணுஞ் செய்ய வேணாம். உக்காந்துக்கிட்டேதான் இருந்தேன். அவுக போனதுகூட ஒரு புள்ள வெளிய வந்து சொல்லித்தான் எனக்குத் தெரியும்."

துண்டைப் பிழிந்தாள். தண்ணீர் தொட்டியில் விழுந்தது.

"உங்க அப்பாவுக்கு ஒரு வாய் ரசம் குடுக்க விடல ஆத்தா. டியூப்புலதான் எல்லாம்னாக."

நான் அவள் கையைப் பிடிக்கப் போனேன். அவள் அதற்குள் வாசலுக்குப் போய்ச் செருப்பைத் தேடினாள். நானும் கூடவே இறங்கிப் போய், பைகளைக் கொக்கியில் மாட்டிக் கொடுத்தேன். வேறு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. அவள் போன பிறகு ஒன்பதாம் மாடிப் பால்கனியில் நின்று கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் கடைசியில் ஒருவழியாகத் தேதி வந்தது. ஆபரேஷன் அன்று காலையில் அம்மா சமைக்கவில்லை. சமைத்து யார் சாப்பிடுவது? ஆனால் வெறும் பைகளை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். அலுவலகத்தில் நான் கைப்பேசியை மேஜைமேலேயே வைத்துக்கொண்டேன், யார் என்ன நினைத்தாலும் சரி என்று. புள்ளி ஆஸ்பத்திரி மதிலை ஒட்டிய சாலையில் போயிற்று. திரும்பியது. பின்பக்கச் சந்தில் நுழைந்தது, மறுபடி முன்வாசலுக்கு வந்தது, மறுபடி மதிலோரம். சுற்றிக்கொண்டே இருந்தது. கூப்பிட்டேன். இப்போது அவள் போனைக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தாள், உடனே எடுத்தாள்.

"என்னம்மா ஆச்சு?"

"ஒண்ணுந் தெரியல. அறந்தாங்கிப் புள்ள உள்ள இருக்கு. நான் உள்ள போவமாட்டேன். என்னால அந்தக் கதவைப் பாக்க முடியாது."

"நிழல்ல நில்லும்மா."

"நின்னா நெஞ்சு படபடங்குது. வையி."

மாலைவரை அந்தப் புள்ளியோடு நானும் சுற்றினேன். எத்தனை கோப்புகளில் கையெழுத்துப் போட்டேன், என்ன எழுதினேன், எதுவும் மனசில் நிற்கவில்லை. அறைத் தோழி என் தோளுக்குமேல் எட்டிப் பார்த்து, யார் என்று கேட்டாள். அம்மா என்றேன். அவளும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பார்க்கத் தொடங்கினாள்.

நாங்கள் கிளம்பும் நேரத்துக்குத்தான் புள்ளி நின்றது. முன்வாசலில். நான் அழைக்க எடுத்தபோது அவளே அழைத்தாள். முதலில் சாலைச் சத்தம் மட்டும்தான் கேட்டது.

"முடிஞ்சிருச்சாம்" என்றாள்.

"அம்மா?"

"நல்லபடியாத்தான். கண்ணு முழிச்சிட்டாராம். அந்தப் புள்ள வாசலுக்கு ஓடியாந்து சொல்லிட்டுப் போவுது." அவள் அழுகிறாளா என்று மறு காதைப் பொத்திக்கொண்டு கேட்டேன். மூக்கை உறிஞ்சும் சத்தம் வந்தது. "மூணு நாளைக்கு அப்புறம் இட்டிலி குடுக்கலாம்னாகளாம். வீட்ல உளுந்து இருக்கா?"

மழை தொடங்கிக் கொஞ்ச நாளில் அவர்கள் ஊருக்குக் கிளம்பினார்கள். நானும் அம்மாவும் ரயில் நிலையத்துக்குப் போனோம். அந்த மனிதரை அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தேன். மெலிந்து, சட்டை தோளில் தொங்கியது. ஆனாலும் தன் பெட்டியைத் தானே தூக்குவேன் என்று மனைவியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துக் கும்பிட்டார். "உங்க அம்மா ரசத்துல மொளகு கொஞ்சம் கூடத்தான் போடுறாக" என்று சிரித்தார். அந்தப் பெண்மணி அம்மாவின் கையை விடவே இல்லை. ஊருக்கு வரும்போது வரவேண்டும், கட்டாயம் வரவேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அம்மா தலையாட்டினாள், நடுவில் நடைமேடைக் கடிகாரத்தைப் பார்த்தாள், வழிச் சோற்றுப் பொட்டலத்தை ஜன்னல் வழியாகத் தந்து, தயிர்சாதத்தை முதலில் சாப்பிட்டுவிடவேண்டும் என்றாள். ரயில் நகர்ந்தது. கடைசிப் பெட்டி போகும்வரை நாங்கள் நின்றோம்.

வெளியே மழை தூறியது. ஆட்டோவுக்காக நின்றிருந்தபோது சாலையில் ஒரு வெள்ளைக்காரர் சைக்கிளில் போனார். பின்சக்கரத்தில் இரண்டு பை, முன்சக்கரத்தின் இரண்டு பக்கமும் இரண்டு பை. மழைக்கோட்டு படபடக்க, லாரிகளுக்கு நடுவே நேராகப் போய்க்கொண்டிருந்தார். அம்மா அவரையே பார்த்தாள். அவர் மேம்பாலத்தில் ஏறி மறைந்த பிறகும் அந்தப் பக்கமே பார்த்தாள்.

"முன்னாடியும் மாட்டலாம்போல" என்றாள்.

"அம்மா…"

"தேனிக்காரக ஒரு குடும்பம் வந்திருக்கு. அந்தச் சந்துலயேதான். பொம்பளைக்குத்தான் ஒடம்பு சரியில்ல, கூட ரெண்டு ஆளு. பின்னாடி இருக்குற பையி பத்தாது."

முன்சக்கரத்தில் கனம் ஏற்றினால் ஹேண்டிலைத் திருப்புவது கஷ்டம், பிரேக் பிடித்தால் வண்டி முன்னால் சாயும், மழைக்காலம் வேறு, சாலையெல்லாம் பள்ளம் என்று சொல்ல எல்லாம் வாயில் இருந்தது. ஓர் ஆட்டோ வந்து நின்றது. அம்மா எனக்கு முன்னால் ஏறி, ஓட்டுநரின் தோளைத் தட்டி, "பையா, ஜல்தி" என்றாள். நான் ஏறி உட்கார்ந்து கைப்பேசியை எடுத்து, முன்சக்கரத்துக் கேரியர் எங்கே கிடைக்கும் என்று தேடத் தொடங்கினேன்.